பிளேன்ரீ நிறத்தில் சிறுநீர் போன பிறகும் ‘இன்னும் ஓடலாமா’ என்று கேட்கும் தம்பிக்கு

வாசகரின் கடிதம் ஐந்து பக்கம். அவரை அடையாளம் காட்டும் விபரங்களை எடுத்துவிட்டு, பதிலுக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 34 வயது, திருகோணமலை நகரில் குடும்பத்தோடு இருக்கிறார். நாள் முழுக்கக் கதிரையில் இருந்து செய்யும் அலுவலக வேலை. எடை 88 கிலோ. பள்ளிக்கூடத்தில் உதைபந்தாட்டம் ஆடியவர், அதற்குப் பிறகு பதினைந்து வருடமாக உடம்பு வளைந்து ஒன்றும் செய்ததில்லை. அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்துபோனார். அந்தப் பயத்தில்தான் இவரும் நான்கு நண்பர்களும் ஒரு ஜிம்மில் ‘30 நாள் சவால்’ ஒன்றில் சேர்ந்திருக்கிறார்கள். முதல் நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் 200 ஸ்குவாட், அதாவது குந்தி எழும்புவது. அடுத்த நாள் மூன்று மணி வெயிலில், கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் ஏற்றம் வரை ஆறு தடவை ஓடி ஏறி ஓடி இறங்கியிருக்கிறார்கள், அதுவும் கொழுப்புக் கரையவேண்டும் என்று மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு. ஞாயிறு காலை மலசலகூடத்தில் குந்தவும் முடியவில்லை, குந்தினால் எழும்பவும் முடியவில்லை. சிறுநீர் பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) நிறத்தில் போயிருக்கிறது. பயிற்றுநருக்கு வட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டதற்கு, ‘உடம்பில இருக்கிற கழிவெல்லாம் வெளியேறுது, நல்லது’ என்று பதில் வந்திருக்கிறது. பார்மசியில் நோக் குளிசை வாங்கி மூன்று நாள் போட்டார், நான்காம் நாள் நிறம் தெளிந்தது, வைத்தியரிடம் போகவில்லை. இது நடந்து மூன்று வாரம்.

இப்போது அவர் கேட்பது: மனித உடம்பு உண்மையில் எவ்வளவு உடற்பயிற்சியைத் தாங்கும்? அடுத்த மாதம் தொடங்கும் இரண்டாவது சுற்றுக்குக் காசு கட்டிவிட்டார், போகலாமா? வருட முடிவுக்குள் 21 கிலோமீற்றர் அரை மரதன் ஓட ஆசை, முடியுமா? மனைவி ‘இனி இந்த விசர் வேலையே வேண்டாம்’ என்கிறார். இவரோ, ‘என் அப்பப்பா எழுபது வயது வரை கரைவலை இழுத்தவர், எனக்கு ஏன் முடியாது’ என்கிறார். கடைசியில் அம்மாவைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு முடிவில் வருகிறேன்.

சரி தம்பி, நேரடியாகவே பேசுவோம். நீங்கள் 21 கிலோமீற்றரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், சிறுநீரைப் பற்றி இரண்டே வரி. நான் அந்த இரண்டு வரியைத் தாண்டி வாசிக்க முடியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அன்று வெளியே போனது கழிவு இல்லை

போனது உங்கள் தசை. தசை நாருக்குள் மயோகுளோபின் என்று ஒரு புரதம் இருக்கிறது, ஒட்சிசனைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை, இறைச்சி சிவப்பாக இருப்பதும் அதனால்தான். தசை தாங்கும் அளவை மீறி அடிபடும்போது நாரின் சவ்வு கிழிந்து அந்தப் புரதம் இரத்தத்தில் கசிகிறது. சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ளப் பார்க்கும்போது சிறுநீர் பிளேன்ரீ மாதிரி, கோலா மாதிரி வரும். இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர், தசைச் சிதைவு என்று வைத்துக்கொள்ளலாம். அளவு கூடினால் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் அடைபட்டு, ஒரு நோயும் இல்லாத இளம் ஆளுக்குக்கூட டயாலிசிஸ் தேவைப்படும் நிலை வரலாம். தசைக்குள் இருந்த பொட்டாசியமும் சேர்ந்து வெளியே வரும். அது இரத்தத்தில் ஏறினால் இதயத்தின் தாளம் குழம்பும்.

1941-இல் லண்டனில் குண்டுவீச்சு இடிபாடுகளுக்குள் கால் நசுங்கி மணிக்கணக்காகக் கிடந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், வெளியே எடுத்தபோது நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு பேர் அதைப் பார்த்து எழுதினார்கள், மருத்துவ உலகம் இந்தச் சங்கதியைச் சரியாகக் கவனித்தது அதற்குப் பிறகுதான். உங்கள் காலில் கட்டடம் விழவில்லை. ஆனால் பதினைந்து வருடம் சும்மா இருந்த தொடைக்கு ஒரே பின்னேரத்தில் 200 ஸ்குவாட் என்பது கிட்டத்தட்ட அந்த மாதிரித்தான்.

ஏன் ஸ்குவாட், ஏன் இறக்கம் என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நீங்கள் ‘ஏறும்போதுதான் மூச்சு முட்டியது, இறங்கும்போது சுகமாக இருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சுக்கு அது சுகம், தசைக்கு அதுதான் அடி. தசை சுருங்கியபடி வேலை செய்வதைவிட, நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதில்தான் நார் அதிகம் கிழியும். தோப்புக்கரணத்தில் கீழே போகும் பாதி, ஏற்றத்தில் இருந்து ஓடி இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முன்தொடை பிடிக்கும் பிரேக், இரண்டும் அந்த வகை. முதல் நாள் கிழிந்த தொடையை வைத்துக்கொண்டு இரண்டாம் நாள் ஆறு தடவை இறங்கினால் என்ன ஆகும்? அதற்கு மேல் வெயில், மழைக்கோட்டு, உடம்பில் நீர் குறைவு. அதற்கும் மேல் நோக் குளிசை. குளிசையின் பெயரை நீங்கள் எழுதவில்லை, ஆனால் பார்மசியில் கேட்டால் தருவது பெரும்பாலும் டைக்ளோபெனக் அல்லது ஐபுபுரோபன் வகை. அவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் அதன் கழுத்தையும் கொஞ்சம் பிடித்திருக்கிறீர்கள்.

கடிதத்தை வைத்து நோயை உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. வெயிலில் நீர் வற்றினாலும் சிறுநீர் கடும் மஞ்சளாகும், மஞ்சள் காமாலையிலும் நிறம் மாறும். ஆனால் நீங்கள் எழுதிய வரிசையைப் பார்த்தால் வேறு எதையும் யோசிக்க எனக்கு இடமில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமையே வைத்தியசாலைக்குப் போயிருந்தால் சிபிகே என்ற இரத்தப் பரிசோதனை எடுத்திருப்பார்கள். சாதாரணமாக அது 200 வாக்கில் இருக்கும், தசைச் சிதைவில் ஆயிரக்கணக்கில் ஏறும், ஐயாயிரத்தைத் தாண்டினால் சிறுநீரகத்தைப் பற்றி யோசிப்போம். சேலைன் ஏற்றி இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்த்து அனுப்பியிருப்பார்கள். நேரத்துக்குப் போனால் பெரும்பாலானவர்கள் முழுதாகத் தேறிவிடுவார்கள் என்பதால்தான் போகாமல் விட்டது எனக்குக் கோபமாக இருக்கிறது.

இப்போது மூன்று வாரமாகிவிட்டது. சிபிகே எடுத்தால் சாதாரணமாகவே வரலாம், அதை வைத்து ‘பார்த்தீர்களா, ஒன்றும் நடக்கவில்லை’ என்று நண்பர்களிடம் சொல்லாதீர்கள், அது சில நாட்களில் இறங்கிவிடும் சாமான். ஆனாலும் எடுங்கள். இத்தனை நாள் ஓய்வுக்குப் பிறகும் கூடுதலாக நின்றால், உங்கள் தசையிலேயே பிறப்பில் வந்த கோளாறு ஏதும் உண்டா என்று தேடவேண்டி வரும். அதோடு சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின், பொட்டாசியம், சிறுநீர்ப் பரிசோதனை. இந்த வாரத்துக்குள். கொலஸ்ட்ரோல் குளிசை ஏதும் எடுத்தீர்களா, அந்த நாட்களில் காய்ச்சல் இருந்ததா என்பதையும் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள், இரண்டுமே தசைச் சிதைவை எளிதாக்கும். நம்முடைய ஊரில் காய்ச்சல் விட்ட மறுநாளே ஜிம்முக்குப் போவதை வீரமாக நினைக்கிறார்கள், டெங்குக் காலத்தில்கூட. அது வேறு கதை.

அப்போ உடம்பின் எல்லை எங்கே இருக்கிறது?

‘ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம், இத்தனை கிலோமீற்றர், அதற்கு மேல் ஆபத்து’ என்று ஒரு இலக்கத்தை எதிர்பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அப்படி எல்லாருக்கும் பொதுவான இலக்கம் இல்லை. ஒருவருக்குக் காலைத் தேநீருக்கு முந்திய வேலையாக இருப்பது இன்னொருவரை வைத்தியசாலையில் படுக்க வைக்கும். இரண்டு பேருக்கும் உடம்பு ஒன்றுதான், போன மாதம் என்ன செய்தார்கள் என்பதுதான் வேறு. உங்கள் எல்லையை அறிய உலக சாதனைகளைப் பார்த்துப் பிரயோசனமில்லை, உங்கள் போன மாதத்தைப் பார்க்கவேண்டும். உங்கள் போன மாதத்தில் என்ன இருந்தது? கதிரை.

மேல் எல்லையைத் தேடியவர்களும் இருக்கிறார்கள், சுவாரசியமான விஷயம் என்பதால் சொல்கிறேன். 2015-இல் ஒரு குழு அமெரிக்காவைக் குறுக்காக, வாரத்துக்கு ஆறு மரதன் கணக்கில் கிட்டத்தட்ட 20 வாரம் ஓடியது. அவர்கள் எரித்த சக்தியை அளந்தவர்கள் 2019-இல் எழுதியது என்னவென்றால், சில நாட்களுக்கு உடம்பு என்னவும் செய்யும், ஆனால் மாதக்கணக்கில் போகும்போது, சும்மா படுத்திருந்தால் செலவாகும் சக்தியைப் போல இரண்டரை மடங்கு அளவில் வந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போனால் சாப்பிட்டு ஈடுகட்ட முடியாது, உடம்பு தன்னையே தின்னத் தொடங்கும். குடல் உறிஞ்சக்கூடிய அளவுதான் அங்கே கடிவாளம் என்பது அவர்கள் கருத்து. அதே கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது: கர்ப்பிணிப் பெண்ணின் உடம்பு கிட்டத்தட்ட 2.2 மடங்கில் மாதக்கணக்காக ஓடுகிறது. உங்களுக்கு இரண்டு பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, வீட்டில் மனித உடம்பின் எல்லைக்குப் பக்கத்தில் போய் வந்தவர் உங்கள் மனைவிதான், அதுவும் இரண்டு தடவை. உடம்பு என்ன தாங்கும் என்று அவர் சொன்னால் கொஞ்சம் காது கொடுங்கள்.

கீழ் எல்லைதான் உங்களுக்கு உண்மையில் தேவையானது. தாய்வானில் நான்கு லட்சம் பேருக்கு மேல் பல வருடம் கவனித்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், ஒன்றும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் ஒரு நாளைக்கு வெறும் 15 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்தவர்களின் இறப்பு வீதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. அதைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு செய்பவர்கள் வரைக்கும் நன்மை கூடிப் பிறகு தட்டையாகிவிடுகிறது, பத்து மடங்கு செய்தவர்களிடமும் இறப்புக் கூடியதாகக் காணவில்லை என்று ஆறரை லட்சம் பேரை வைத்துச் செய்த 2015 ஆய்வு ஒன்று சொல்கிறது. நெடுங்காலம் மிகக் கடுமையாக ஓடுபவர்கள், சைக்கிள் மிதிப்பவர்களில் ஒரு வகை இதயத் தாளக் கோளாறு கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான், ஆனால் அது வருடக்கணக்காக ஓடியவர்களின் கவலை. அதனால் ‘உடற்பயிற்சி கூடினால் ஆபத்து’ என்ற மனைவியின் பயம் முழுச் சரியில்லை. ‘திடீரென்று கூடினால் ஆபத்து’ என்றால் முழுச் சரி.

அப்பப்பாவின் கரைவலை

இந்த வாதத்தை நான் மாதம் ஒரு தடவையாவது கேட்கிறேன். டச்சுக்குடாவில், நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் தனியாக இழுப்பதில்லை, ஒரு கூட்டம் சேர்ந்து இழுக்கும், அம்பாப் பாட்டின் தாளத்துக்கு இழுத்து, விட்டு, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து. கடல் கொந்தளிக்கும் வாடைக் காலத்தில் வலை கரையில் கிடக்கும், ஆட்களும் கிடப்பார்கள். வெயில் உச்சிக்கு வந்தால் நிழலில் படுப்பார்கள். உங்கள் அப்பப்பா முதன்முதல் கயிற்றில் கை வைத்தபோது பன்னிரண்டு பதின்மூன்று வயதாக இருந்திருக்கும், பெரியவர்களுக்கு நடுவில் கயிற்றின் நுனியைப் பிடித்திருப்பார். அவர் எழுபதில் இழுத்தார் என்றால் அதற்குப் பின்னால் அறுபது வருடப் பயிற்சி இருக்கிறது, ஓய்வும் அந்தப் பயிற்சிக்குள்ளேயே இருந்தது. நீங்கள் ஓய்வை எடுத்துவிட்டு இழுவையை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

இன்னொன்று. அவரோடு இழுத்தவர்களில் இடுப்புப் பிடித்து நாற்பதிலேயே ஒதுங்கியவர்களை நீங்கள் கண்டதில்லை, அவர்களின் பேரன் எனக்குக் கடிதம் எழுதவில்லை.

ஆழிக்குமரன் ஆனந்தனையும் எழுதியிருக்கிறீர்கள், ‘மனம் வைத்தால் உடம்பு கேட்கும்’ என்பதற்கு உதாரணமாக. 1971-இல் வல்வெட்டித்துறையில் இருந்து பாக்கு நீரிணையைக் கடந்து, மறுபடி நீந்தித் திரும்பியவர். எனக்கும் சின்ன வயதில் அவர்தான் வீரர். ஆனால் அவர் கதையில் பாதியைத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்த நீச்சலுக்கு முன்னால் அவர் கடலில் கழித்த வருடங்களை விட்டுவிடுகிறோம். 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிரை விட்டார் என்பதையும் விட்டுவிடுகிறோம். அவர் மனத்தில் உறுதிக்கா குறைவு? அந்த மனிதருக்கே உடம்பு ஒரு இடத்தில் இல்லை என்று சொன்னது.

வேர்வை, மழைக்கோட்டு, தண்ணீர்

மழைக்கோட்டை இன்றே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், மழைக்குப் போடட்டும். அன்று தராசில் இரண்டு கிலோ குறைந்தது என்று சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். ஒரு கிலோ கொழுப்பு எரிய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாகவேண்டும், ஒரு பின்னேரத்தில் அது நடக்காது. குறைந்தது தண்ணீர்.

வேர்வை தோலில் இருந்து ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும், சொட்டி விழும் வேர்வையால் ஒரு பிரயோசனமும் இல்லை. கடற்காற்றில் ஈரம் கூடிய நம் ஊரில் சும்மாவே அது லேசில் ஆவியாகாது, அதற்கு மேல் பிளாஸ்டிக்கால் மூடினால் உடம்புக்குள் அடுப்பு வைத்த மாதிரி. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் காற்று உலர்ந்திருக்கும், வேர்வை தெரியாமலே காய்ந்துவிடும், அது வேறு ஏமாற்று. உடம்பின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டி ஆள் குழம்பிப் பேசத் தொடங்கினால் அது வெப்ப அதிர்ச்சி. அப்போது முதலில் நிழலில் போட்டு, உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீர் ஊற்றி, ஐஸ் இருந்தால் அதையும் வைத்து, காற்று வீசவேண்டும். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைப்பது இன்னொருவர் வேலை, வண்டி வரும் வரை குளிரவைப்பதை நிறுத்தக்கூடாது. இதை உங்கள் ஐந்து பேருக்கும் மனப்பாடமாக்குங்கள்.

ஆறுதலாகப் பழகினால் உடம்பு வெயிலுக்கும் பழகும், பத்துப் பதினான்கு நாள் எடுக்கும். அதுவரை காலை ஆறு மணிக்கு முந்தியோ மாலை ஐந்தரைக்குப் பிந்தியோ மட்டும்.

தண்ணீர் விஷயத்தில் இப்போது மறுபக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். ‘அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தினமும் ஏழு லீற்றர் குடிக்கிறேன்’ என்று எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. தேவைக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், தலைவலி, ஓங்காளம், கூடினால் வலிப்பு. 2002 பொஸ்டன் மரதனில் ஓடி முடித்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது எட்டில் ஒருவர் அளவில் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள். நீண்ட நேரம் வேர்த்தால் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், கஞ்சி, இல்லாவிட்டால் பார்மசியில் கிடைக்கும் ஜீவனி உப்புக் கரைசல். சிறுநீர் இளமஞ்சளாகப் போனால் போதும், பச்சைத் தண்ணீர் மாதிரிப் போகவேண்டியதில்லை.

இனி என்ன செய்யலாம்

உங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, கட்டிய காசுக்காக இரண்டாவது சுற்றுக்குப் போவது. வேண்டாம். காசைத் திருப்பிக் கேளுங்கள், வைத்தியரின் கடிதத்தைக் காட்டினால் தரலாம். தராவிட்டால் போகட்டும், டயாலிசிஸ் அதைவிடச் செலவு. அந்தப் பயிற்றுநரைத் திட்டவேண்டாம், ஆனால் நடந்ததை அவரிடம் சொல்லுங்கள், அடுத்த தடவை இன்னொருவர் கேட்கும்போது ‘கழிவு’ என்று சொல்லாமல் ‘வைத்தியசாலைக்குப் போ’ என்று சொன்னால் அதுவே பெரிய காரியம்.

இரண்டாவது, மனைவி சொல்வது போல எல்லாவற்றையும் விடுவது. இதையும் நான் ஏற்கவில்லை. அப்பாவுக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகளைக் கூடுதல் ஆபத்து உள்ளவர்களாகத்தான் கணக்கெடுப்போம், போதாததற்குத் தெற்காசியர்களுக்கு இதய வருத்தம் இளமையிலேயே வருகிறது. உங்களுக்கு உடற்பயிற்சி தேவை, மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை. ஆனால் அதே காரணத்தால், கடுமையான எதையும் தொடங்கும் முன் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், ஒரு ஈசிஜி பார்த்துவிடுங்கள். தேவை என்று பட்டால் வைத்தியர் ஓடும் இயந்திரத்தில் ஏற்றியும் பார்ப்பார். சும்மா இருந்த ஆள் திடீரென்று மூச்சு முட்ட ஓடும் அந்த நேரத்தில்தான் மாரடைப்புக்கான ஆபத்து அதிகம். ஒழுங்காகச் செய்து பழகியவருக்கு அது வெகுவாகக் குறைந்துவிடும்.

மூன்றாவது, மறுபடி முதலில் இருந்து தொடங்குவது. பரிசோதனைகள் சரியாக இருந்து வைத்தியர் ஓம் என்றால், முதல் இரண்டு வாரம் நடை மட்டும், உட்துறைமுக வீதியோரமாகச் சமதரையில் 20, 25 நிமிடம், பேசிக்கொண்டு நடக்கக்கூடிய வேகத்தில். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் கூட. தசை நோவோ நிறமாற்றமோ இல்லாவிட்டால் மூன்றாம் வாரத்தில் இருந்து நடைக்கு நடுவில் ஒவ்வொரு நிமிடம் மெல்லோட்டம் சேருங்கள். ஸ்குவாட்டுக்கு அவசரமில்லை. பிறகு தொடங்கும்போது பத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள். தசைக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது, ஒரு தடவை அளவாக அடிபட்டால் அதே பயிற்சியை அடுத்த சில வாரங்களுக்கு மிகக் குறைந்த சேதத்தோடு தாங்கும். அதனால்தான் பத்து செய்தவருக்குப் பதினைந்து வரும், பிறகு இருபது வரும். ஒன்றும் செய்யாதவருக்கு இருநூறு வராது. கோயில் ஏற்றம் கடைசியில். ஏறி, நடந்து இறங்குங்கள். கோட்டைக்குள் மான்கள் ஓடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள்? பெரும்பாலும் நடந்துதான் திரியும்.

21 கிலோமீற்றர் முடியும், ஆனால் இந்த வருடத்தில் இல்லை. அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு ஐந்து கிலோமீற்றரை நடுவில் நிற்காமல் ஓடி முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

காலையில் கட்டிலை விட்டு எழும்ப முன் நாடித்துடிப்பை எண்ணிக் கலண்டரில் குறித்துவருவது நல்ல பழக்கம். வழக்கத்தைவிடப் பத்துக் கூடி நின்றால், நித்திரை கெட்டால், காரணமில்லாமல் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தால், அன்று ஓய்வு. பிட்டோடு ஒரு மீன் துண்டோ பருப்போ கூட வையுங்கள். ட்ரெயினர் விற்ற புரோட்டீன் மா டப்பாவைச் சிறுநீரகப் பரிசோதனை முடிவு வரும் வரை திறக்கவேண்டாம்.

எந்த நோவைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பயிற்சிக்கு மறுநாள் தொடங்கி, இரண்டாம் நாள் கூடி, நான்கைந்து நாளில் தானாக இறங்கும் தசை நோ சாதாரணம், பனடோல் போதும், அதுவும் தேவைப்பட்டால். கீழே உள்ளவை அப்படி இல்லை, அன்றே வைத்தியசாலை:

– சிறுநீர் பிளேன்ரீ, கோலா நிறத்தில் போவது, அல்லது மிகக் குறைவாகப் போவது.
– தசை வீங்கி இறுகி, கை காலை மடக்க நீட்ட முடியாத அளவு நோ.
– பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் நோ, மயக்கம், நெஞ்சு படபடப்பு. இதற்கு ஓட்டோ பிடிக்கவேண்டாம், 1990.
– வெயிலில் குழப்பமாகப் பேசுவது, தள்ளாடுவது.

அப்புறம் உங்கள் அம்மா

கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள்: அம்மாவுக்கு 61 வயது, பத்து வருடமாகச் சீனி வருத்தம், வெள்ளிக்கிழமை தவறாமல் விரதமிருந்து கோணேசர் கோயிலுக்கு நடந்தே ஏறுகிறார், எனக்கே இப்படி ஆனபோது அவரை நிறுத்தச் சொல்லவா என்று.

நிறுத்தச் சொல்லாதீர்கள். பல வருடமாக, வாரா வாரம், தன் வேகத்தில் ஏறுகிறார். வீட்டில் சரியாகப் பயிற்சி செய்யும் ஒரே ஆள் அவர்தான். ஏறும்போது நெஞ்சில் பாரமோ முந்தியில்லாத மூச்சிளைப்போ வருகிறதா என்று மட்டும் கேளுங்கள், சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சு நோ இல்லாமலே இதயம் பாதிக்கப்படலாம். எனக்கு அவர் ஏறுவதைவிட விரதம்தான் கவலை. சாப்பிடாமல், கிளிக்ளசைட் மாதிரிக் குளிசையோ இன்சுலினோ எடுத்துவிட்டு ஏற்றம் ஏறினால் சீனி சட்டென்று இறங்கும், நடுக்கம், வேர்வை, தலைச்சுற்று வரும். வெள்ளிக்கிழமை மருந்தை எப்படி எடுப்பது என்று கிளினிக்கில் கேட்டு மாற்றிக்கொள்ளட்டும், தானாக நிறுத்தவேண்டாம், கைப்பையில் நாலு டொபி இருக்கட்டும். அடுத்தது கால். பதினொரு மணிக்குமேல் அந்தக் கல்லும் தாரும் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அது தெரியாது, கொப்புளம் வந்து புண்ணான பிறகுதான் தெரியும். காலைப் பூசைக்கே போகச் சொல்லுங்கள், கழற்றவேண்டிய இடம் வரை செருப்போடு போகட்டும். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கால் இரண்டையும் பார்க்கவேண்டும். அவரால் குனிந்து பார்க்க முடியாவிட்டால் நீங்கள் பாருங்கள். அதற்கு ஒரு தடவை குந்தினால் போதும், இருநூறு தேவையில்லை.